டவர் எந்தக் கரையில் நிற்கிறது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவியோரமாக வீடு. தனியாக இருக்கிறேன். மகள் லண்டனில். கிழமைக்கு மூன்று நாள் இரவில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்போம். காலையில் போனில் பேப்பர் வாசிப்பேன், மாலையில் அரை மணித்தியாலம் யூடியூப்பில் பக்திப் பாட்டுக் கேட்பேன். இவ்வளவுதான் என் பாவனை. ஆனால் மகளோடு கதைக்கும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது. "அம்மா, உங்கட குரல் விட்டு விட்டுக் கேக்குது" என்கிறாள். எனக்கோ அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது. டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். ரவுட்டர் ஒன்று எடுத்து மாதம் 100 ஜிபி பக்கேஜ் போடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மருமகன் வேறு கம்பனி சிம்முக்கு மாறச் சொல்கிறான். எந்தக் கம்பனி நல்லது? ரவுட்டர் வேண்டுமா? 20 வருடமாக வைத்திருக்கும் நம்பரை விடவேண்டி வருமா? தேர்த்திருவிழாவைப் பேத்திக்கு நேரடியாகக் காட்ட ஆசை, அது முடியுமா?

பதில்:

வணக்கம் ரீச்சர்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மகளின் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, உங்கள் குரல்தான் அங்கே விட்டு விட்டுப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு வாவியோரம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தபோது, பாதிக் காரணம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதைச் சொல்லிவிட்டு மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். எந்தக் கம்பனி என்பதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

நான் 16 வருடம் இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் டவர் பராமரிப்பு வேலை பார்த்தவன். வாவிக்கு மேற்கே, உங்கள் பக்கமுள்ள படுவான்கரை வீடுகளில் நீங்கள் சொல்லும் குறையை நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். "போனில சிக்னல் கோடு முழுக்க நிக்குது, ஆனா கதைக்க ஏலாது" என்பார்கள். டவர் அனுப்பும் ரேடியோ அலைக்குத் தண்ணீருக்கு மேலே மறிப்பு இல்லை. மரம் இல்லை, மாடி வீடு இல்லை. அதனால் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஆரையம்பதிப் பக்கமோ காத்தான்குடிப் பக்கமோ நிற்கும் டவரின் அலை வாவியைக் கடந்து உங்கள் முற்றம் வரை வந்துவிடும். போனும் அதைப் பிடித்துக்கொண்டு கோடுகளைக் காட்டும். ஆனால் அந்த டவர் பல பத்து வாட் சக்தியில் அனுப்புகிறது. உங்கள் கையில் இருக்கும் போன் ஏறக்குறைய 0.2 வாட்டுக்குள்தான் பதில் அனுப்பும். அக்கரைக் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வது இக்கரையில் நமக்குக் கேட்கிறது. நாம் இங்கே முற்றத்தில் நின்று வாயால் சொல்லும் பதில் அங்கே கேட்குமா? உங்கள் குரலுக்கும் படத்துக்கும் நடப்பது இதுதான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மகள் பிற்பகல் 3 மணிக்கு வேலை முடிந்து கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், இங்கே அது குளிர்காலத்தில் இரவு 8.30, கோடையில் 7.30. எந்த டவருக்கும் நெரிசல் கூடிய நேரம் இது. ஊரே சாப்பிட்டுவிட்டுப் போனை எடுக்கும் நேரம். காத்தான்குடி போன்ற சனநெருக்கம் மிகுந்த ஊருக்குச் சேவை செய்யும் டவரோடு உங்கள் போன் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சனத்துக்கு நடுவே நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள். அதுவும் வரிசையின் கடைசியில்.

ஆகவே, கம்பனியின் பெயரைக் கேட்பதற்கு முன் எந்தக் கம்பனியின் டவர் உங்கள் கரையில், உங்கள் வீட்டுக்குக் கிட்ட நிற்கிறது என்று பாருங்கள். கல்லடியில் அருமையாக ஓடும் சிம் வவுணதீவில் திணறும். கிரானில் நன்றாக இருப்பது வாகரைக்குப் போனால் படுத்துவிடும். நான் இங்கே இருந்துகொண்டு ஒரு பெயரைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் காசு செலவழித்தால் அது உங்களுக்கு நான் செய்யும் அநியாயம்.

நாட்டில் இப்போது மொபைல் சேவை தருவது மூன்று கம்பனிகள்: டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச். எடிசலாட் 2018இல் ஹட்ச்சோடு சேர்ந்தது. எயார்டெல் 2024 ஜூனில் டயலொக்கோடு சேர்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய நம்பர்களைப் பார்த்து ஆட்கள் குழம்புகிறார்கள். 072 எடிசலாட் நம்பராக இருந்தது, இப்போது 078 போலவே அதுவும் ஹட்ச். 075 எயார்டெல்லாக இருந்தது, இப்போது டயலொக். ஆக 075 நம்பரையும் 077 நம்பரையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று ஒப்பிட்டால், ஒரே கம்பனியை இரண்டு தடவை சோதிக்கிறீர்கள். டவரின் நிறத்தையோ அதில் தொங்கும் பலகையையோ வைத்தும் முடிவெடுக்க முடியாது. ஒருவர் கட்டிய டவரில் இன்னொருவரின் அன்டெனாவும் இருப்பது வழக்கம்.

சோதனையை உங்கள் வீட்டிலேயே செய்யலாம், அதற்கு ஒரு சதமும் செலவாகாது. மருமகனிடம் சொல்லுங்கள்: மூன்று கம்பனி சிம் உள்ள மூன்று பேரை ஓர் இரவு உங்கள் வீட்டுக்குக் கூட்டி வரட்டும். தேத்தண்ணிக்கு வந்த மாதிரி இருக்கும். பகலில் வேண்டாம். பகலில் எல்லாமே நல்லாகத்தான் ஓடும். நீங்கள் மகளோடு கதைக்கும் அதே நேரத்தில், வழமையாக இருக்கும் அதே கதிரையில் இருந்து, ஒவ்வொரு போனிலும் மகளுக்கு ஐந்து நிமிடம் வீடியோ கோல் எடுங்கள். "நீ எனக்குத் தெரிகிறாயா" என்பதை விடுங்கள். "நான் உனக்கு எப்படித் தெரிகிறேன், என் குரல் வெட்டுகிறதா" என்று மகளிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலே தீர்ப்பு. வேறு வேறு இரவுகளில் இரண்டு தடவை செய்தால் இன்னும் நம்பலாம்.

கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் செய்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரு போன் நாலு கோடும் இன்னொரு போன் இரண்டு கோடும் காட்டும். அதைவிட நம்பகமான எண் ஒன்று போனுக்குள் இருக்கிறது. பெரும்பாலான அண்ட்ராய்ட் போன்களில் செட்டிங்ஸில் அபவுட் போன் என்ற பகுதிக்குள் போய், சிம் ஸ்டேட்டஸ் என்பதைத் தொட்டால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று ஒரு கழித்தல் எண் தெரியும். 4ஜியில் -85 போல இருந்தால் மிக நல்லது. -100 என்றால் சமாளிக்கலாம். -110ஐத் தாண்டிக் கீழே போனால் வீடியோவுக்குக் கஷ்டம். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்து பாருங்கள் ரீச்சர். சாமியறையில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று மாறும். பத்துப் பதினைந்து வித்தியாசம் வருவதெல்லாம் சாதாரணம்.

கூரையையும் கவனியுங்கள். தகரக் கூரை அலையை நன்றாகத் தடுக்கும். ஓட்டு வீடு பரவாயில்லை. ஆனால் வெக்கைக்காக ஓட்டுக்கோ சீட்டுக்கோ கீழே வெள்ளி நிறப் பொயில் விரித்திருந்தால், அதுவும் தகரத்தைப் போலத்தான். புதுக்கூரை போட்ட பிறகு சிக்னல் போய்விட்டது என்று கம்பனியைத் திட்டிய வீடுகளில் பல தடவை இந்தப் பொயிலைத்தான் கண்டேன். அப்படியான வீட்டில் கம்பனியை மாற்றிப் பயனில்லை. கதிரையை விறாந்தைக்கு மாற்றினாலே போதும். இன்றிரவே அதைச் செய்து பாருங்கள். இரண்டு அடி நகர்ந்து பிரச்சினை தீர்ந்தால் மிச்சக் காசு பேத்திக்கு.

இனி எவ்வளவு டேட்டா வேண்டும் என்று பார்ப்போம். கடைக்காரர் சொன்ன 100 ஜிபியைக் கேட்டபோது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அவர் பாவனையைக் கேட்காமலே சொன்ன எண் அது. நீங்கள் எழுதியதை வைத்து நான் கணக்குப் போட்டேன். வட்ஸ்அப் வீடியோ கோல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி தின்னும். அரை மணித்தியாலம் கதைத்தால் 150 எம்பி. மாதத்தில் 12, 13 தடவை என்றால் 2 ஜிபிக்குக் கிட்ட. வெறும் குரல் கோல் நிமிடத்துக்கு அரை எம்பி அளவுதான், அதைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. பேப்பர் வாசிப்பதில் ஒரு பக்கம் 2 அல்லது 3 எம்பி. நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் மாதம் ஒரு ஜிபி பிடிக்காது. வட்ஸ்அப் படங்கள், மற்றச் சில்லறை எல்லாம் சேர்த்து இன்னொரு ஜிபி வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது பக்திப் பாட்டு. இங்கேதான் டேட்டா ஒழுகிப் போகிறது. யூடியூப்பை 360 தரத்தில் பார்த்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் 300 எம்பி. தினம் அரை மணித்தியாலம் என்றால் மாதம் நாலரை ஜிபி. அதே பாட்டை 1080 தரத்தில் ஓடவிட்டால் 25, 30 ஜிபி வரைக்கும் போகலாம். நீங்கள் கேட்பது பாட்டு. திரையில் சாமி படம் அசையாமல் நிற்கிறது. அதற்கு 1080 தரம் எதற்கு? யூடியூப் செட்டிங்ஸில் வீடியோ தரம் என்ற இடத்தில் டேட்டா சேவரைத் தெரிவு செய்துவிடுங்கள். 144 தரத்துக்கு இறக்கினாலும் பாட்டு கேட்க இனிமையாகவே இருக்கும், டேட்டாவும் கால்பங்காகக் குறையும்.

ஆகக்கூடி உங்களுக்கு மாதம் 8 ஜிபி. கவனமாக இருந்தால் 5, 6 ஜிபியிலேயே முடியும். அவசரத்துக்கு ஒதுக்கி வைத்தாலும் 10 ஜிபி தாண்டாது. எவ்வளவு பாவித்திருக்கிறீர்கள் என்று போனே கணக்கு வைத்திருக்கும். செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் என்ற பகுதியில் போன மாதத்தைப் பாருங்கள், எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்றும் தெரியும். பக்கேஜ் வாங்குவதற்கு முன்னே அந்த எண்ணை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கையில் எண் இருந்தால் யாரும் உங்களுக்குப் பெரிதாக விற்க முடியாது.

வட்ஸ்அப்பில் இரண்டு வேலை மருமகனைக் கொண்டு செய்வியுங்கள். ஒன்று, கோலுக்குக் குறைந்த டேட்டா பாவி என்ற தெரிவைப் போடுவது. உங்கள் பக்கமிருந்து போகும் சுமை குறையும் என்பதால் குரல் வெட்டுவதற்கும் இது கொஞ்சம் மருந்து. இரண்டு, படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துவது. பழைய மாணவர் குழு, கோயில் குழு, ஊர் நலன்புரிச் சங்கக் குழு என்று நாலைந்து குழுவில் இருப்பவருக்குக் காலை வணக்க வீடியோக்களே பேப்பரைவிடக் கூடுதலாகத் தின்றுவிடும். பேரப்பிள்ளைகள் யாராவது உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுத் தங்கள் போனை இணைத்தால் அதையும் கவனியுங்கள். அந்தப் போன் தனக்கு வைஃபை கிடைத்துவிட்டது என்று நினைத்து, ஒத்திப்போட்ட அப்டேட் எல்லாவற்றையும் உங்கள் டேட்டாவில் இறக்கத் தொடங்கும். ஒரே நாளில் பக்கேஜ் காலியான பல வீடுகளின் கதை இதுதான்.

பக்கேஜ் தெரிவு செய்யும்போது உங்களைப் போலக் குறைவாகப் பாவிப்பவர்கள் ஜிபி கணக்கைவிட நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு ஜிபி என்ன விலை என்று பார்த்தால் பெரிய பக்கேஜ்தான் எப்போதும் மலிவாகத் தெரியும். ஆனால் பாவிக்காமல் காலாவதியாகும் ஜிபிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள்? ஏழு நாள் பக்கேஜ் என்றால் வருடத்துக்கு 52 தடவை ரீலோட். 28 நாள் என்றால் 13 தடவை. 30 நாள் என்றால் 12 தடவைக்குச் சற்று மேலே. எந்தப் பக்கேஜையும் வருடத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் விலைக்குள் வரி அடங்குமா என்றும் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி மட்டுமே 18 வீதம். அதற்கு மேலே வேறு வரிகளும் உண்டு. வரிக்கு முந்திய விலையையும் வரியோடு சேர்ந்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாறக் கூடாது.

இரவு டேட்டா என்பதை உங்கள் கணக்கிலிருந்து முழுதாகக் கழித்துவிடுங்கள். பெரிய எழுத்தில் 20 ஜிபி என்று போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் அதில் ஒரு பெரும் பங்கு நடுச்சாமத்துக்குப் பிறகு விடியும் வரைக்கும்தான் செல்லும். நீங்கள் தூங்கும் நேரத்தில் தரும் டேட்டாவால் உங்களுக்கு என்ன பயன்? எனிடைம் என்று எழுதியிருக்கும் பங்குதான் உங்களுக்குரிய பங்கு. அதேபோல வட்ஸ்அப்புக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும் என்று வரும் மலிவுப் பக்கேஜை வாங்குமுன் இரண்டு விசயம் கேளுங்கள். வட்ஸ்அப் வீடியோ கோலும் அதற்குள் அடங்குமா? எல்லாவற்றிலும் அடங்குவதில்லை. மற்றது, யாராவது அனுப்பிய செய்தி இணைப்பைத் தொட்டால் அது வட்ஸ்அப்புக்கு வெளியே திறக்கும், அந்த டேட்டா வேறு கணக்கில்தான் போகும். பேப்பர் வாசிக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது. பக்கேஜ் முடிந்த பிறகு ரீலோட் மீதியிலிருந்து காசு வெட்டப்படுமா, இல்லை இணையம் நின்றுவிடுமா என்றும் கேட்டு வையுங்கள். நின்றுவிடுவதுதான் உங்களுக்கு நல்லது.

வேகத்தைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. வீடியோ கோலுக்கு இரண்டு பக்கமும் ஒன்று, ஒன்றரை எம்பிபிஎஸ் சீராகக் கிடைத்தால் போதும். 5ஜி என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ரவுட்டர் வேண்டாம் ரீச்சர், இப்போதைக்கு வேண்டாம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பனியின் வீட்டு ரவுட்டரை டவுனில் என் வீட்டில் வைத்துப் பார்த்தேன். பறந்தது. அந்த நம்பிக்கையில் இன்னொன்று வாங்கி, படுவான்கரையில் அம்மாவின் வீட்டில் வைத்தேன். ஒரு கிழமை முழுக்க அதை யன்னலுக்கு யன்னல் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான் மிச்சம். இந்த வேலையில் இருந்த நானே சோதிக்காமல் வாங்கினேனே என்று இன்றைக்கும் மனதுக்குள் உறுத்துகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் காசு அவருடைய காசு.

காரணம் இதுதான். இங்கே வீட்டு 4ஜி ரவுட்டர்கள் நீண்ட காலமாக 2300, 2600 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளை நம்பி வந்தவை. டவருக்குக் கிட்ட இருந்தால் அவை வேகம். தூரம் போகப் போகவும் சுவர்களைத் தாண்டவும் அவற்றுக்குச் சக்தி காணாது. போன் சிம் அதைவிடத் தாழ்ந்த 1800 போன்ற அலைவரிசையிலும் பிடிக்கும். அது சற்றுத் தூரம் கூடுதலாகப் போகும், சுவருக்குள்ளும் கூடுதலாக நுழையும். அடுத்தது கரண்ட். கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். போனில் பட்டரி இருக்கிறது. தனியாக இருக்கும் ஒருவருக்கு இருட்டில் கைகொடுக்கக் கூடியது போன்தான். மூன்று கம்பனி சிம்மையும் சோதித்து, விறாந்தையிலும் உட்கார்ந்து பார்த்து, ஒன்றுமே சரிவரவில்லை என்றால் மட்டும் ரவுட்டரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கூரைக்கு வெளியே அன்டெனா பூட்டக்கூடிய வகையாகத்தான் வாங்க வேண்டும். அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இரவில் ஓடவிட்டுக் காட்டிய பிறகே காசு கொடுங்கள்.

செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது, அதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். டவர் எட்டாத இடத்துக்கு அது நல்ல வசதி. மாதம் 8 ஜிபி பாவிக்கும் உங்களுக்கு அந்தத் தட்டும் அந்த மாதக் கட்டணமும் வீண் செலவு.

மாரிகாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், படுவான்கரைக்கு இது முக்கியம். டவரில் பட்டரி உண்டு, கரண்ட் போனால் சில மணித்தியாலம் தாங்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் இருந்தால்தான் உயிர். 2022இல் நாட்டில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் பல ஊர்களில் சிக்னல் படுத்ததும் இதனால்தான். வாவி பெருகி வீதி மூடிய காலங்களில் உழவு இயந்திரத்தில் டீசல் கேனைக் கட்டிக்கொண்டு டவருக்குப் போயிருக்கிறோம். போய்ச் சேர முடியாத நாட்களும் இருந்தன. நவம்பர் தொடங்கித் தை மாதம் வரை, வெள்ள எச்சரிக்கை வந்தால் போனை முழுக்கச் சார்ஜ் செய்து வையுங்கள். கைவசம் ஒரு பவர்பேங்க் இருக்கட்டும். இரண்டு வேறு கம்பனி சிம் வைத்திருந்தால், ஒன்றின் டவர் படுத்தாலும் மற்றது ஒருவேளை நிற்கும்.

பழைய நம்பரை விடாமல் இருப்பதற்கும் வழி அதுதான். இப்போது வரும் பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் போடலாம். பழைய சிம்மை முதலாவது இடத்தில் அப்படியே வையுங்கள். சோதனையில் வென்ற கம்பனியின் சிம்மை இரண்டாவது இடத்தில் போட்டு, மொபைல் டேட்டா அந்த சிம்மிலிருந்து என்று செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள். வட்ஸ்அப்புக்கு எந்த சிம்மில் டேட்டா வருகிறது என்பது பொருட்டே அல்ல, அது பழைய நம்பரிலேயே ஓடும். நம்பரை மாற்றவா என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மகளுக்கோ சொந்தக்காரருக்கோ எதுவும் மாறியதே தெரியாது.

ஆனால் பழைய நம்பரைச் சும்மா விட்டுவிடக் கூடாது. நீண்ட காலம் ரீலோட் போடாத பிரிபெயிட் நம்பர் செயலிழந்து, பிறகு வேறு ஒருவர் கைக்குப் போகலாம். உங்கள் ஓய்வூதியக் கணக்குச் செய்தியும் வங்கியின் இரகசிய எண்ணும் அந்த நம்பருக்குத்தானே வருகின்றன? இடைக்கிடை ஒரு சிறிய ரீலோட் போட்டு அதை உயிரோடு வைத்திருங்கள். புதிய சிம்மையும் உங்கள் அடையாள அட்டையில், உங்கள் பெயரிலேயே எடுங்கள். மருமகன் பெயரில் எடுத்தால், நாளைக்கு சிம் தொலைந்தால் திருப்பி எடுக்க அவர்தான் வர வேண்டும்.

வாங்கிய பிறகு கேட்காத சேவைக்குக் காசு வெட்டினால், அல்லது சொன்ன பக்கேஜ் ஒன்றும் தந்தது வேறொன்றுமாக இருந்தால், முதலில் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் தீர்க்காவிட்டால் 1900 என்ற எண்ணில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

அப்புறம் தேர்த்திருவிழா. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதியில் சனம் நிறைந்து நிற்கும்போது அத்தனை பேரின் போனும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும். பாதிப் பேர் வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எந்தக் கம்பனி சிம்மானாலும் நேரடியாகக் காட்டுவது இழுபறிதான். கொடியேற்றத்துக்குப் பிறகு வரும் நாட்களில், சனம் குறைந்த ஒரு நேரம் பார்த்து வெளிவீதியில் நின்று பேத்திக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டுங்கள், அது நன்றாக வரும். தேர் நாளன்று கோல் எடுக்க வேண்டாம். தேர் அசையும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் போனில் பதிந்துகொண்டு வாருங்கள். வீட்டு விறாந்தையில் இருந்து, நல்ல எண் காட்டிய அதே கதிரையில் இருந்து, அதை மகளுக்கு அனுப்புங்கள்.